பிணக்கும் இணக்கமும்: ஜேர்மனிய–ருஷ்யக் கூட்டுக் கம்பனிகள் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

ஜேர்மனியக் கம்பனிகளும் ருஷ்யக் கம்பனிகளும் எல்லை கடந்து கூட்டுச் சேரும்போது எழும் பிணக்குகளை எவ்வாறு கையாளலாம் என்பது பற்றி முகாமைத்துவ அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஜேர்மனியர் விதிமுறைகளைப் போற்றுவோர், ருஷ்யர் ஆள்வழி உறவுகளை நம்புவோர். ஆதலின் ஒருவர் பண்பாட்டை மற்றவர் விளங்கிக்கொள்ளின் பிணக்குத் தணியும் என்பது இவ்வெழுத்துக்களிற் பெரும்பாலும் காணப்படும் முடிபு. இனங்களுக்கு மாறாத குணங்கள் உண்டெனக் கொள்ளும் இந்நோக்கு இலக்கிய மாணவராகிய நமக்குப் புதியதன்று. ‘ருஷ்ய ஆன்மா’ என்னும் தொடரைக் கொண்டு தோல்ஸ்தோயையும் தொஸ்தோயெவ்ஸ்கியையும் விளக்கிவிட முயன்ற திறனாய்வாளர் ஒரு காலத்தில் இருந்தனர். அவ்விளக்கம் நாவல்களுக்கே போதாதிருந்தது. ஐந்தொகைகளுக்கு எவ்வாறு போதும்?

1920களிற் தோன்றிய இரு முயற்சிகளை ஒப்புநோக்கினால் இவ்வினாவுக்கு விடை காணலாம். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே துறையில், அதே இரு நாடுகளுக்கிடையே எழுந்தவை. மொஸ்கோவை அடுத்த ஃபிலியில் யூங்கர்ஸ் கம்பனி நடத்திய விமானத் தொழிற்சாலை நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் முடிந்தது. டெருலுஃப்ட் என்னும் விமானப் போக்குவரத்துக் கம்பனியோ பதினைந்து ஆண்டுகள் நீடித்தது. பண்பாடு இரண்டிடத்தும் ஒன்றே. எனவே வேறுபாட்டின் காரணத்தைப் பிறிதோரிடத்திலேயே தேடவேண்டும்.

சோவியத் அரசு 1920 நவம்பர் 23இற் பிறப்பித்த ஆணை, அந்நிய முதலுக்குச் சலுகை உரிமைகள் வழங்க வழிவகுத்ததோடு, அவ்வாறு இடப்படும் சொத்துக்கள் தேசியமயமாக்கப்படவோ பறிமுதல் செய்யப்படவோ மாட்டா எனவும் உறுதியளித்தது. 1922 ஏப்பிரில் 16இற் கைச்சாத்தான ரப்பாலோ உடன்படிக்கையின்படி இரு அரசுகளும் யுத்த இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கைவிட்டன. சோவியத் அரசு பிற நாடுகளின் இத்தகைய கோரிக்கைகளை ஏற்காதிருக்கும் வரை, தேசியமயமாக்கத்தால் விளைந்த நட்டங்களுக்குத் தானும் ஈடு கோருவதில்லை என ஜேர்மனி இணங்கியது. பழைய கணக்கு மூடப்பட்ட பின்னரே புதிய கணக்குத் திறக்கப்பட்டது என்பது மனங்கொளத்தக்கது. வேர்சாய் உடன்படிக்கையால் ஒதுக்கப்பட்ட நாடும் புரட்சியால் ஒதுக்கப்பட்ட நாடும் தத்தம் தேவை காரணமாக நெருங்கிவந்தன. அந்நெருக்கத்தை நட்பு என்று கொள்வது மிகையாகும்.

ஃபிலி ஒப்பந்தம் 1922 நவம்பர் 26இற் செய்யப்பட்டது. சட்டநோக்கில் அது கூட்டுக் கம்பனியன்று, சலுகை உரிமையே. ஆயினும் நடைமுறையில் மூன்று தரப்பினரின் கூட்டு அது. மூவரும் மூன்று வேறு பொருள்களை நாடி வந்தனர். யூங்கர்ஸ் கம்பனி நாடியது கொள்வனவுக் கட்டளைகளையும் கிழக்கு நோக்கிய வான்வழிகளையும். சோவியத் அரசு நாடியது உலோக விமானம் கட்டும் நுட்பத்தையும், குறிப்பாக விமான இயந்திரங்களை உள்நாட்டிலேயே ஆக்கும் ஆற்றலையும். ஜேர்மனிய இராணுவமாகிய ரைஷ்வேர் மூன்றாவது தரப்பு. வேர்சாய் உடன்படிக்கை தடைசெய்த இராணுவ விமானங்களை அவ்வுடன்படிக்கையின் கண் எட்டாத இடத்தில் ஆக்கிவைத்தலே அதன் நோக்கம். இதற்கென அது யூங்கர்சுக்கு இரகசியமாகப் பணம் தந்தது; மேலும் தருவதாகவும் வாக்களித்தது.

பிணக்கு எழுந்தமை வியப்பன்று. ஆண்டுக்கு 300 விமானங்கள் வரை கட்டத்தக்க தொழிற்சாலையாக எண்ணப்பட்ட ஃபிலியில் அவ்வளவு உற்பத்தி ஒருபோதும் நிகழவில்லை. கொள்வனவுக் கட்டளைகள் போதவில்லை என்றது கம்பனி. விமானங்கள் வாக்களித்த தரத்தில் இல்லை, விலை அதிகம், இயந்திர உற்பத்தி தொடங்கப்படவேயில்லை என்றது சோவியத் தரப்பு. இதனிடையே கொல்சுகினோ உலோகத் தொழிற்சாலை 1922இல் தனக்கென ஓர் அலுமினியக் கலப்புலோகத்தை ஆக்கிக்கொண்டது. அதைக் கொண்டு துப்பொலெவ் 1924இல் தமது முதலாவது முழு உலோக விமானத்தைப் பறக்கவிட்டார். அந்நியரிடமிருந்து பெறவேண்டிய நுட்பம் உள்நாட்டிலே கைகூடத் தொடங்கிய கணத்தில் அந்நியரின் பேரம்பேசும் வலு தேய்கிறது. இங்கு நாம் காண்பது வர்த்தக முதலுக்கும் தொழில்மயமாக முனைந்த ஓர் அரசுக்கும் இடையிலான நலமுரண். ஒருவரை ஒருவர் எவ்வளவு நன்றாக விளங்கிக்கொண்டிருந்தாலும் அது நீங்கியிராது; உண்மையில் இருவரும் மற்றவரை நன்றாகவே விளங்கிக்கொண்டிருந்தனர்.

பிணக்கைத் தீர்க்கும் வழி அடைபட்டிருந்ததே இன்னும் முக்கியமானது. வாக்களித்த பணம் முழுமையாகத் தரப்படவில்லை என்பது ரைஷ்வேர் மீது யூங்கர்சின் குற்றச்சாட்டு. ஆனால் இல்லாததாகக் காட்டப்பட்ட ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றின் முன்னே கொண்டுசெல்வது? 1925இற் கம்பனி நிதி நெருக்கடியில் வீழ்ந்தபின், தன் தரப்பை விளக்கும் அறிக்கையை அது அரசியல்வாதிகளிடம் சேர்ப்பித்தது. இரகசியம் கசிந்தது. 1926 டிசம்பர் 3இல் மான்செஸ்ரர் கார்டியன் செய்தி வெளியிட்டது. 16இற் சமூக ஜனநாயகக் கட்சியினரான ஷைட்மான் பாராளுமன்றத்தில் யாவற்றையும் அம்பலப்படுத்தினார். மறுநாள் வில்ஹெல்ம் மார்க்சின் அமைச்சரவை கவிழ்ந்தது. 1927இல் ஃபிலிச் சலுகை முடிவுக்கு வந்தது.

இவ்விடத்தில் முற்போக்கு வரலாற்றாசிரியர் சிலர் விரைந்து கடந்துசெல்வதுண்டு. நாம் அவ்வாறு செய்தலாகாது. உலகின் முதலாவது தொழிலாளர் அரசு, சொந்த நாட்டுத் தொழிலாளரைச் சுட்ட ஓர் இராணுவத்துடன் இரகசிய உடன்பாடு கொண்டிருந்தது. முற்றுகைக்குள்ளான நாட்டின் பாதுகாப்புத் தேவை அதற்குக் காரணமாகலாம். காரணம் வேறு, நியாயம் வேறு. ஷைட்மானின் பேச்சு ஜேர்மனியக் கம்யூனிஸ்ட்டுகளைப் பெருஞ் சங்கடத்துக்குள்ளாக்கியது. இரகசியத்தின் விலையை இறுத்தோர் அதிற் கைச்சாத்திட்டவர்கள் மட்டுமல்லர்.

டெருலுஃப்டின் கதை வேறு. 1921 நவம்பரில் நிறுவப்பட்ட அக்கம்பனியின் பங்குகள் இரு தரப்பினருக்கும் சரிபாதி. 1922 மே முதலாந் திகதி கோனிக்ஸ்பேர்க்கிற்கும் மொஸ்கோவிற்கும் இடையே, ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் தூரத்துக்கு, சேவை தொடங்கியது. கவிஞர் யெசெனினும் ஆடற்கலைஞர் இசடோறா டங்கனும் அம்மாதம் 10ஆந் திகதி இவ்வழியே பறந்து மேற்கு நோக்கிச் சென்றனர் என்பதை இலக்கிய வரலாறு நினைவிற் கொண்டுள்ளது. தொடக்கத்திற் பயன்பட்டவை ஒல்லாந்தரான ஃபொக்கரின் விமானங்கள். ஆதலின் எவர் நுட்பத்தை எவர் பெறுவது என்னும் கேள்வி எழவில்லை. பிற்காலத்திற் துப்பொலெவின் விமானங்களும் அதன் சேவையிற் பறந்தன. நோக்கம் குறுகியது, பகிரங்கமானது. வரவும் செலவும் பாதி பாதி. பிணக்குகள் இல்லாமலிருந்திரா, ஆனால் அவை கணக்குப் புத்தகத்துக்குள் அடங்கத்தக்கன. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின்னும் நான்காண்டு நீடித்த இக்கம்பனி 1937 மார்ச் இறுதியில் மூடப்பட்டது. அதை மூடியது பங்காளிகளின் சண்டையன்று, அரசுகளின் பகை.

தனித்தனிக் கம்பனிகளுக்கு அப்பால், பிணக்கைத் தீர்ப்பதற்கென நிரந்தர ஏற்பாடுகளையும் இக்காலம் கண்டது. 1925 அக்டோபர் 12இற் செய்யப்பட்ட உடன்படிக்கைத் தொகுதியில் வர்த்தக நடுத்தீர்ப்பு மன்றங்கள் பற்றிய தனி உடன்பாடு இடம்பெற்றது. 1928இல் ஷாக்தி வழக்கில் மூன்று ஜேர்மனியரும் குற்றஞ்சாட்டப்பட்டோருள் இருந்தனர். இருவர் விடுதலையாயினர், ஒருவருக்கு ஒத்திவைத்த தண்டனை. உறவு முறிந்துவிடும் போலிருந்த அவ்வேளைக்குப் பின், 1929 சனவரி 25இல் இரு அரசுகளும் இணக்க உடன்படிக்கையொன்றிற் கைச்சாத்திட்டன. இரு தரப்புக்கும் மற்றவர் தேவைப்பட்டவரை இவை பயன்பட்டன.

1987 சனவரி 13ஆந் திகதிய சோவியத் ஆணை கூட்டுக் கம்பனிகளை மீண்டும் அனுமதித்தபோது, அந்நியரின் பங்கு 49 வீதத்தைத் தாண்டலாகாது, தலைவரும் பொது முகாமையாளரும் சோவியத் பிரசைகளாயிருத்தல் வேண்டும் என விதித்தது. ஃபிலியின் நினைவு அழியவில்லை போலும். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே இவ்வரம்புகள் தளர்த்தப்பட்டன. சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சிக்குப் பின், 1993இல் ஜேர்மனியின் வின்ரர்ஷாலும் ருஷ்யாவின் காஸ்ப்ரொமும் விங்காஸ் என்னும் கம்பனியை நிறுவின. பின்னர் சைபீரியாவின் யூஷ்னோ-ருஸ்கொயே எரிவாயு வயலிலும் வின்ரர்ஷால் பங்கு பெற்றது. குழாயின் இரு முனையிலும் இருவருக்கும் பங்கிருந்தால் எவரும் அதை மூடார் என்று நம்பப்பட்டது.

2014இன் பின் அந்நம்பிக்கை தேய்ந்தது. தடைகளுக்குள்ளான ருஷ்யர் தொடர்பான வழக்குகளில் ருஷ்ய நீதிமன்றங்களுக்கே தனி நியாயாதிக்கம் கோர இடமளிக்கும் சட்டமொன்று 2020இல் மொஸ்கோவில் நிறைவேறியது. அந்நிய நாட்டு நடுத்தீர்ப்பு வாசகங்கள் பல இதனால் வலுவிழந்தன. 2022இல் உக்ரெயின் மீதான படையெடுப்பு ஏனையவற்றை முடித்துவைத்தது. அக்காலத்தில் வின்ரர்ஷால் டெயா என்ற பெயரைக் கொண்டிருந்த கம்பனி, தன் ருஷ்யக் கூட்டு முயற்சிகள் பொருளாதார ரீதியிற் பறிக்கப்பட்டுவிட்டன எனக் கூறி, 2023 சனவரியில் வெளியேறும் முடிவை அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதன் பங்குகளைப் புதிய ருஷ்யக் கம்பனிகளுக்கு மாற்றும் ஆணையிற் புட்டின் கைச்சாத்திட்டார். 2024இல் அதன் ஏனைய உடைமைகளைப் பிரித்தானியாவின் ஹார்பர் எனர்ஜி வாங்கியபோது ருஷ்யப் பகுதி விற்பனையிற் சேரவில்லை. அதற்கென ஜேர்மனிய அரசு வழங்கியிருந்த முதலீட்டு உத்தரவாதங்கள் மீதான கோரிக்கைகளும் பழைய உடைமையாளரிடமே நின்றன. யூங்கர்சைப் போலவே இக்கம்பனியும் தன் நட்டக் கணக்கை இறுதியிற் சொந்த அரசின் வாயிலுக்கே கொண்டுவந்தது.