கவசக் கெளுத்தி

கவசக் கெளுத்தி என்பது தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையைத் தாயகமாகக் கொண்ட நன்னீர் மீன் ஆகும். இதன் அறிவியல் பெயர் டெரிகோப்லிக்திசு பார்டாலிசு. இது லோரிகாரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. பிரெஞ்சு இயற்கையியலாளர் காசுடெல்நோ 1855 இல் இதனை முதன்முதலில் விவரித்தார். வண்ணமீன் கடைகளில் இது "டேங்க் கிளீனர்", "சக்கர் மீன்" என்னும் பெயர்களில் விற்கப்படுகிறது.

உடலமைப்பு

கெளுத்தி இனங்களுக்குப் பொதுவாகச் செதில் இல்லை. இம்மீனின் உடலையோ வரிசை வரிசையாக அமைந்த எலும்புத் தகடுகள் மூடியுள்ளன. முதுகுத் துடுப்பு பாய்மரம் போல் பெரியது. தலையின் அடிப்புறத்தில் உள்ள உறிஞ்சு வாயால் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு பாசியையும் மட்கிய பொருள்களையும் சுரண்டி உண்ணும். 40 செ.மீ. அளவுக்கு வளரக்கூடியது. இதன் நெருங்கிய இனமான டெரிகோப்லிக்திசு டிசுஜங்டிவசின் வயிற்றில் புள்ளிகள் ஒன்றோடொன்று இணைந்து கோடுகளாகத் தெரியும். பார்டாலிசில் பெரும்பாலும் தனித்தனிப் புள்ளிகளாக இருக்கும். இவ்விரண்டும் கலந்து இனம் பெருக்குவதால், பிற நாடுகளில் பிடிபடும் மீன்களை உறுதியாக இனங்காண்பது கடினம்.

நீரில் உயிர்வளி குறைந்தால் இது மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி, இரைப்பையின் சுவர் வழியாக உயிர்வளியைப் பெறுகிறது. எனவே கலங்கிய, கழிவுநீர் கலந்த குட்டைகளிலும் பிழைத்துக்கொள்கிறது. நீரை விட்டு வெளியே எடுத்தாலும் பல மணி நேரம் உயிரோடிருக்கும்.

இனப்பெருக்கம்

ஆண் மீன் கரையின் மண்சரிவில் ஏறத்தாழ 1 மீட்டர் ஆழமுள்ள வளை தோண்டுகிறது. பெண் அதில் முட்டையிடும். குஞ்சுகள் வெளியேறும் வரை ஆண் காவல் காக்கும். நீர்மட்டம் இறங்கிய பின்பும் ஈரமான வளைக்குள் இம்மீன்கள் தங்கியிருப்பதுண்டு. வளைகள் மிகுந்த இடங்களில் கரை அரிப்பு ஏற்படுவது மெக்சிக்கோ, புளோரிடா முதலிய பகுதிகளில் அறியப்பட்டுள்ளது.

இந்தியாவில் பரவல்

விரல் நீளக் குஞ்சாக வாங்கப்படும் மீன் தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்ததும், வளர்த்தவர்கள் அதனை அருகிலுள்ள நீர்நிலையில் விட்டுவிடுகின்றனர். பரவலுக்கு முதன்மையான காரணம் இதுவே. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களில் இப்பேரினத்து மீன்கள் பதிவாகியுள்ளன. கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களின் மீன் பண்ணைகளில் இவை பெருந்தொல்லையாக உள்ளன.

வற்றாத ஆறு இல்லாத புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களில் இக்கேள்வி சற்று வேறானது. இங்கு வேளாண்மை பெரிதும் வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் நம்பியுள்ளது. கண்மாயின் கரை மண்ணால் ஆனது. வளை தோண்டும் மீனுக்கு அது ஏற்ற இடம். ஒரு கண்மாய் நிரம்பினால் உபரிநீர் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குச் செல்லும் என்பதால், ஓரிடத்தில் விடப்படும் மீன் அங்கேயே நின்றுவிடாது. கோடையில் நீர் வற்றும்போது ஊர் கூடி நடத்தும் மீன்பிடித் திருவிழாவில் விரால், கெண்டை, கெளுத்தி போன்றவை பெருமளவு பிடிபடுகின்றன. வளைக்குள் ஒளியும் மீன் இதற்குத் தப்பிவிடக்கூடும். பிடிபட்டதை வேண்டாமென்று நீரில் திரும்ப எறிவதும் பரவலுக்கே உதவும்.

பயன்

மீனவர்களுக்கு இதனால் நட்டமே மிகுதி. துடுப்பு முள்ளும் கவசமும் வலையைக் கிழிக்கின்றன. மெக்சிக்கோவின் இன்பியர்னியோ நீர்த்தேக்கத்தில் இவை பெருகியதால் திலாப்பியா மீன்பிடிப்பு பெரிதும் பாதிக்கப்பட்டது. தாயகத்திலோ இது விரும்பப்படும் உணவாகும். பிரேசிலின் மனாவுசு நகரச் சந்தைகளில் "போடோ" என்ற பெயரில் உயிருடன் விற்கப்படுகிறது. தலையும் தகடுகளும் போக எஞ்சும் சதை குறைவு என்பதால் பிற நாடுகளில் வாங்குவோர் அரிது.