வஜ்ரம் ஒட்டிய கிடார்

வஜ்ரம் என்றதும் கல்மண்டபத்துக்காரர்களுக்குக் காசிமேட்டு வஞ்சிரம் மீன்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது தச்சர்களின் வஜ்ரத்தை. மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. அந்த நாற்றத்தை அறியாத இன்றைய பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்!

1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, ரயில்வே வேலையை ஒட்டி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய வாழ்ந்தன. கிறிஸ்துமஸ் வந்தால் கிடார் சத்தம் தெருவுக்குக் கேட்கும். வாத்தியங்களுக்கு மவுண்ட் ரோடில் மிஸ்கித் கம்பெனி 1842-லேயே வந்துவிட்டது (பின்னாளில் மியூசி மியூசிகல்). ஆனாலும் கிடார் உடைந்தால் எங்கள் தெருக்காரர்கள் தேடியது பக்கத்து ஆசாரியைத்தான்.

ஒரு ரயில்வே பெரியவரின் கிடார் பரணிலிருந்து விழுந்தது. மேல்பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பாதி பெயர்ந்துவிட்டது. ஆறு இரும்புத் தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுக்கும். பலகையின் கனமோ 3 மில்லிமீட்டர்கூட இராது. ஏனோதானோவென்று ஒட்டினால் நிற்குமா?

ஆசாரி மீதி பிரிட்ஜையும் பெயர்த்தார்! பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் முறை அதுதான். அமெரிக்காவில் 1833 முதல் கிடார் செய்த மார்ட்டின் கம்பெனியும் அந்தக் காலத்தில் தோல் பசையைத்தான் நம்பியது. சூடும் ஈரமும் பட்டால் அது இளகும். மரம் சேதமாகாமல் பிரியும்.

முதல் நாளே ஊறவைத்த வஜ்ரத்தை, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைத்து உருக்கினார். நேரே தணலில் வைத்தால் பிடிப்பு போய்விடும். ஆறுவதற்குள் கை ஓடவேண்டும். நடுத்துளை வழியே கையை விட்டு, விரிசலின் அடியில் குறுக்காகச் சின்னச் சின்ன மரச் சில்லுகளை ஒட்டினார். பிறகு பிரிட்ஜை ஒட்டி, இறுக்கிக் கட்டி வைத்தார். தந்தி ஏற்ற அவசரப்படவில்லை.

1959-ல் ஃபெவிகால் வந்தது. காய்ச்ச வேண்டாம், நாற்றம் இல்லை. பீரோ, கட்டிலுக்கு அருமையான சாமான். வஜ்ரத்துக்கு நம் கடற்காற்றும் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் பழைய வஜ்ரத்தின் மேல் புது வஜ்ரம் பிடிக்கும். வெள்ளைப் பசை காய்ந்த இடத்தில், சுத்தமாகச் சுரண்டி எடுக்காமல் மறுபடி எதுவும் சரியாக ஒட்டாது. அடுத்த முறை பழுது பார்ப்பவன் பாடு திண்டாட்டம்.

பெரியவர் குடும்பம் பிற்பாடு ஆஸ்திரேலியாவுக்குப் போனது. கிடாரும் கூடவே போனது. அங்கே யாராவது துளைக்குள் விரலை விட்டுத் தடவினால், எங்கள் ஆசாரியின் சில்லுகள் தட்டுப்படும்.