பாஸ்போரைலேஸ் ஆய்வும் புரத மாற்ற வினையூக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

உயிரணுவில் உருவான பின்னரும் புரதங்கள் வேதி மாற்றத்திற்கு உள்ளாகின்றன. பாஸ்பேட்டுத் தொகுதி இணைவது அத்தகைய மாற்றங்களுள் ஒன்று. 1932இல் லிப்மேனும் லெவீனும் முட்டை மஞ்சள்கருப் புரதத்திலிருந்து பாஸ்போசெரினைப் பிரித்தெடுத்தனர். எனினும் இம்மாற்றம் நொதிகளின் செயலை ஆளக்கூடியது என்பது தெளிவாவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

தசையில் கிளைக்கோஜனைச் சிதைக்கும் பாஸ்போரைலேஸ் நொதியைக் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி இணையர் செயின்ட் லூயிஸ் நகரில் ஆராய்ந்தனர். அந்நொதி இருவடிவினது என்பதை அவர்கள் 1940களில் கண்டறிந்தனர். 'அ' வடிவம் தானே செயற்படும். 'ஆ' வடிவம் செயற்பட அடினிலிக் அமிலம் வேண்டும். முன்னதைப் பின்னதாக மாற்றும் நொதியொன்றும் கிடைத்தது. 'அ' வடிவில் அடினிலிக் அமிலம் பிணைந்துள்ளது எனக் கருதிய அவர்கள், அப்பிணைப்புத் தொகுதியை நீக்கும் நொதி என்றே அதற்குப் பெயரிட்டனர். ஆயினும் எதிர்பார்க்கப்பட்ட அமிலம் 'அ' வடிவில் காணப்படவில்லை. வினையூக்கி கையில் இருந்தது. அது நீக்கும் பொருள் மட்டும் தவறாகக் கொள்ளப்பட்டிருந்தது.

சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும் இச்சிக்கலை மீண்டும் எடுத்துக்கொண்டனர். தசைச்சாற்றை வடிதாளில் வடிக்காமல் மையவிலக்கு முறையில் தெளிவித்தபோது 'ஆ' வடிவமே கிடைத்தது. வடிதாளிலிருந்து சாற்றில் கலந்த கால்சியமே 'அ' வடிவம் தோன்றக் காரணம் என்பது பின்னர்ப் புலனாயிற்று. ஓய்வுநிலைத் தசையில் மேலோங்கியிருந்தது 'ஆ' வடிவமே. 1955இல் அவ்விருவரும் இம்மாற்றத்திற்கு ஏடிபியும் உலோக அயனியும் தேவை எனக் காட்டினர். ஏடிபியின் பாஸ்பேட்டைக் கைனேஸ் நொதி பாஸ்போரைலேஸுக்கு மாற்றுகிறது. கோரி இணையர் கண்ட நொதி நீக்கியது இந்தப் பாஸ்பேட்டையே. அது ஒரு பாஸ்படேஸ். பாஸ்பேட்டு ஏற்பது ஒரு செரின் என்பது 1959இல் உறுதியாயிற்று.

வினையூக்கியான நொதியே பிற வினையூக்கிகளால் மாற்றப்படுகிறது என்பதும், அம்மாற்றம் மீளக்கூடியது என்பதும் இவ்வாய்வின் முதன்மையான பேறுகள். கிரெப்ஸும் ஃபிஷரும் 1992இல் நோபல் பரிசு பெற்றனர். கைனேஸைத் தடுத்து நோயைக் கட்டுப்படுத்தலாம் என்னும் அணுகுமுறைக்கும் இதுவே அடித்தளம்; 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் அதற்குச் சான்று. ஆய்வுமுறையின் ஒரு சிறு படியாகக் கருதப்பட்ட வடித்தலே முடிவை மாற்றியது என்பதும், முந்திச் சூட்டிய பெயர் விடையை முன்கூட்டியே வரையறுத்தது என்பதும் அறிவியல் வரலாற்றாளர் கருதத்தக்கன.