புலாவ் உபின்: நான்கு வெள்ளிப் படகில் ஒரு கம்பம்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. வாரத்தில் கிடைக்கும் அந்த ஒரே ஓய்வு நாளை மரநிழலிலும் கடற்காற்றிலும் கழிக்க விரும்புவோருக்கு நம் ஊரிலேயே ஓர் இடம் இருக்கிறது. சிங்கப்பூரின் வடகிழக்கே, சாங்கிக்கு எதிரில் உள்ள புலாவ் உபின் தீவுதான் அது. பரப்பளவு ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர். அடுக்குமாடி வீடுகளோ போக்குவரத்து விளக்குகளோ அங்கு இல்லை.

எப்படிச் செல்வது?

லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் ரயில் ஏறினால் மாறாமல் தெம்பனிஸ் செல்லலாம். அங்கிருந்து 29ஆம் எண் பேருந்து சாங்கி வில்லேஜுக்குப் போகிறது. பேருந்து முனையத்திலிருந்து சில நிமிட நடையில் சாங்கி பாயிண்ட் படகுத்துறை வந்துவிடும்.

படகுக்கு நேர அட்டவணையோ முன்பதிவோ கிடையாது. பன்னிரண்டு பயணிகள் சேர்ந்ததும் படகு புறப்படும். ஒரு வழிக் கட்டணம் நபருக்கு 4 வெள்ளி. சொந்த மிதிவண்டி கொண்டு சென்றால் கூடுதல் கட்டணம் உண்டு. பத்துப் பதினைந்து நிமிடங்களில் தீவை அடையலாம். ரொக்கமாகப் பணம் வைத்திருப்பது நல்லது.

நம்மவர் வெட்டிய கல்

‘உபின்’ என்ற பெயர் கல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. தீவு முழுவதும் கருங்கல். 1855ல் ஒளியேற்றப்பட்ட ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்கு இங்கிருந்துதான் கல் போனது. அதை வெட்டியவர்களில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளும் அடங்குவர். அந்நாளில் சென்னை மாகாணத்திலிருந்தும் கைதிகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டனர். 1858 முதல் சிராங்கூன் சாலையிலிருந்த அரசாங்கச் சூளையில் செங்கல் அறுத்தவர்களும் இந்தியக் கைதிகளே. பின்னர் ஜோகூர் கடற்பாலத்துக்கும் உபின் கல் பயன்பட்டது.

கல்லுடைப்பு வேலை இருந்தவரை தீவில் ஆள் நடமாட்டம் இருந்தது. ஒரு காலத்தில் ஈராயிரம் பேர்வரை வாழ்ந்தனர். குவாரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட, இளையோர் வேலை தேடி வெளியேறினர். தீவிலிருந்த பின் கியாங் சீனப் பள்ளி 1985ல் மூடப்பட்டது. கடைசிக் குவாரி 1999ல் நின்றது. இப்போது அங்கு நிரந்தரமாக வசிப்போர் சில டஜன் பேர் மட்டுமே. பழைய குவாரிகள் மழைநீர் நிரம்பி ஏரிகளாகிவிட்டன. அவற்றின் கரையில் நின்று பார்க்கலாம், நீரில் இறங்கக்கூடாது.

என்ன பார்க்கலாம்?

படகுத்துறையை ஒட்டிய சிறு கடைவீதியில் மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கும். எடுக்கும் முன் பிரேக்கையும் டயரையும் சோதித்துக்கொள்ளுங்கள். மேடுபள்ளமும் செம்மண் பாதையும் உண்டு. பழகியவர்களுக்கு கெத்தாம் மலை மிதிவண்டிப் பூங்கா இருக்கிறது. நடக்க விரும்புவோர் சுமார் 75 மீட்டர் உயரமுள்ள புவாக்கா குன்றில் ஏறினால் கீழே குவாரி ஏரியும் அப்பால் கடலும் தெரியும்.

மேற்குப் பகுதியில் ‘ஜெர்மன் பெண்’ கோயில் உள்ளது. முதல் உலகப் போர் தொடங்கியபோது காப்பித் தோட்ட நிர்வாகியின் மகள் பிரிட்டிஷ் படையினருக்குப் பயந்து ஓடி, குவாரியில் விழுந்து இறந்தாள் என்பது அங்கு வழங்கும் கதை. வாசனைத் திரவியம், முகப்பவுடர், கண்ணாடி முதலியவற்றைப் படைக்கிறார்கள். ஊரில் கன்னித் தெய்வத்துக்குப் படையலிட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா ஈரநிலத்தைத் தவறவிடக்கூடாது. படகுத்துறையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் தொலைவு. மணற்கரை, பாறைக்கரை, கடற்புல், பவளச் சிதறல், சதுப்புநிலக் காடு, கரையோரக் காடு என ஆறு வகைச் சூழல்கள் அங்கு ஒன்றாக அமைந்துள்ளன. மிதிவண்டியை வாசலில் நிறுத்திவிட்டு நடைபாலத்தில் நடக்க வேண்டும். 21 மீட்டர் உயர ஜெஜாவி கோபுரத்தில் ஏறினால் இருவாய்ச்சிப் பறவைகள் கண்ணில் படலாம். கடல் வற்றும் நேரம் பார்த்துச் செல்வது சிறப்பு. பராமரிப்புக்காகச் சில பாதைகள் மூடப்படுவதுண்டு. அதனால் புறப்படும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கரை மண் கொட்டி மூடப்படுவதாக இருந்தது. 1992லேயே நிலமீட்புத் திட்டம் வகுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் இயற்கை ஆர்வலர்கள் இங்குள்ள உயிரினச் செழுமையை வெளியே சொன்னார்கள். செய்தி பரவியதும் மக்கள் குடும்பத்தோடு வந்து பார்த்தனர். பலர் அரசாங்கத்துக்குக் கருத்து எழுதினர். 2002 ஜனவரியில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் அது முற்றாகக் கைவிடப்படவில்லை, தள்ளித்தான் வைக்கப்பட்டது. மக்கள் நேரில் வந்து பார்த்ததும் இந்தக் கரை பிழைத்ததற்கு ஒரு காரணம். நம் சமூகத்தினரும் பிள்ளைகளோடு போய்ப் பார்த்துவர இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

சாப்பாடு

கடைவீதியில் சீன முறைக் கடலுணவுக் கடைகள் உள்ளன. நண்டு, இறால், மீன் வகைகள் பிரபலம். வழியோரக் கடைகளில் குளிர்ந்த இளநீர் கிடைக்கும். வெயிலில் மிதித்து வந்தவர்களுக்கு அதுவே அமுதம். பன்றி இறைச்சி சேர்க்காதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். சைவ உணவுக்கு வழி குறைவு என்பதால் புளிச்சோறோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போவதே நல்லது. திரும்பும்போது சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் சாப்பிடலாம். தீவில் ஓர் இளநீராவது வாங்குங்கள். அங்கு மிஞ்சியிருக்கும் சிலரின் பிழைப்பு வருகையாளர்களை நம்பியே இருக்கிறது.

கவனத்தில் கொள்ள

தீவில் குழாய்த் தண்ணீர் இல்லை, கிணறுதான். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது எடுத்துச் செல்லுங்கள். கொசு மருந்து, தொப்பி, மூடிய காலணி அவசியம்.

காட்டுப்பன்றிகளும் குரங்குகளும் அருகில் வரும். உணவுப் பொட்டலத்தைப் பைக்குள் மூடி வையுங்கள். அவற்றுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கப்படலாம். சிப்பி, கிளிஞ்சல், செடி எதையும் எடுத்துவர வேண்டாம். குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

இருட்டிய பின் படகுக்கு ஆள் சேர்வது கடினம். மாலை ஐந்து மணிக்குள் படகுத்துறைக்குத் திரும்பிவிட்டால் கவலையின்றி வீடு சேரலாம்.