சட்டம் கொடுத்த இரவு

எங்கள் ஊரில் ஒருவனுக்கு வேடம் கிடைத்தது என்று சொல்ல மாட்டார்கள். சட்டம் கிடைத்தது என்பார்கள். "உங்கட மகனுக்கு என்ன சட்டம்?" என்று கிணற்றடியில் ஒருத்தி கேட்டால், வருகிற கூத்தில் அவன் அருச்சுனனா, மந்திரியா, கட்டியகாரனா என்று கேட்கிறாள். என் அம்மா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு காலைப்பொழுது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதற்கு முதல் நாள் இரவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்தச் சொல். எழுதுவதற்குப் பனையோலையை அளவாக வாருவதைச் சட்டம் வாருதல் என்பார்கள். கூத்து முழுவதும் எழுதிய ஏடு, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் இருக்கும். அதிலிருந்து ஒவ்வொருவனுக்கும் உரிய விருத்தம், தரு என்ற பாட்டு, வசனம் ஆகியவற்றை மட்டும் பெயர்த்தெழுதிக் கொடுப்பார்கள். ஓலை போய்க் கொப்பித்தாள் வந்த பிறகும் சட்டம் சட்டமாகவே இருந்தது. கூத்தில் ஒருவனுடைய பங்குக்கு இந்தப் பெயர் வந்தது ஓலையால்தான் என்பது என் எண்ணம். நான் அப்படி எண்ணுவதற்கு ஒரு துணையும் உண்டு. நடிகனின் பங்கை ஆங்கிலத்தில் ரோல் என்கிறோமே, அது பிரெஞ்சு மொழியில் சுருளைக் குறித்த சொல். நடிகனுடைய பேச்சை மட்டும் எழுதிச் சுருட்டிக் கையில் கொடுத்த தாள் அது. ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர் எட்வர்ட் அலெயின் கைக்கு வந்த அப்படியொரு சுருள், ஒர்லாண்டோ என்ற பாத்திரத்துக்குரியது, இலண்டனில் டல்விச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. அங்கே சுருள், இங்கே ஓலை. இரண்டு கரையிலும் நடிகன் கைக்கு முழு நாடகம் வந்ததில்லை, அவனுடைய துண்டுதான் வந்தது.

எங்கள் ஊர் கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூருக்குக் கிழக்கே இருக்கிறது. பாய்மரம் இழந்த கப்பலில் வந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் 1660இல் பிடிபட்ட குடா இதுதான். வடக்கே பார்த்தால் திருகோணமலைத் துறைமுகம். இரவில் அதன் வெளிச்சம் தண்ணீரில் கிடக்கும். துறைமுகத்துக்கும் எங்களுக்கும் நடுவே லோஞ்சு ஓடியது. என் அப்பா இளந்தாரியாக இருந்தபோது டொக்யாட்டில் கூலிவேலை செய்தார். சனிக்கிழமை லோஞ்சில் வருவார், ஞாயிறு பின்னேரம் திரும்புவார். அவருக்கு முதன்முதலாகக் கிடைத்த சட்டத்தை மடியில் செருகிக்கொண்டு, லோஞ்சின் பின்பக்கத்தில் நின்று எஞ்சின் சத்தத்துக்கு மேலாகப் படித்துப் பழகினாராம். கூத்தில் பாடுவதை நாங்கள் படிப்பது என்றுதான் சொல்வோம். அந்த எஞ்சின்தான் தனக்குக் குரல் திறந்துவிட்டது என்று கடைசிவரை சொன்னார். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு அவர் வயலுக்குத் திரும்பிவிட்டார். குரல் அவரோடேயே இருந்தது.

மாரிப்போக வெட்டு முடிந்து, சூடடித்து, நெல் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஊரில் கூத்துப் பேச்சு எழும். பெரியவர்கள் கோயில் வாசலில் கூடி எந்தக் கூத்து, யார் அண்ணாவியார், செலவுக்கு யார் யார் என்று தீர்மானிப்பார்கள். கூத்தர்களுக்குச் சம்பளம் இல்லை. கையில் காசும் நெல்லும் வேட்டி சால்வையும் வாங்குபவர் அண்ணாவியார் ஒருவர்தான். இது அவருடைய தொழில். ஆகவே ஆளைத் தெரிகிற வேலையில் அவருடைய பெயரும் பிழைப்பும் தங்கியிருந்தன. நல்ல நாள் பார்த்துச் சட்டம் கொடுப்பார்கள். பிறகு மாதக்கணக்காகப் பழக்கம், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அதன்பின் வட்டக்களரி என்ற ஆடுகளத்தில் விடியவிடிய அரங்கேற்றம். அதுவும் முடிந்தால் வீட்டுக்கு வீடு ஆடுதல். இந்த ஒழுங்கு மட்டக்களப்புப் பக்கத்திலும் இப்படித்தான். பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றிய தம் ஆய்வில் இவற்றையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எங்கள் கோயில் வாசலே அச்சில் வந்ததுபோல் இருந்தது எனக்கு.

அந்த ஆண்டு எடுத்தது பப்பிரவாகன் நாடகம், வடமோடிக் கூத்து. அருச்சுனன் காவல்வந்த அசுவமேதக் குதிரையை அவன் மகன் பப்பிரவாகனே பிடித்துக் கட்டுகிறான். தகப்பனோடு பொருதி அவனை வீழ்த்துகிறான். பிறகு நாகலோகத்து மணியால் அருச்சுனன் உயிர்த்தெழுகிறான். எனக்கு வயது பதினெட்டு. அப்பாவுக்கு அருச்சுனன் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பப்பிரவாகன் வேண்டும்.

வாசலில் பாய் விரித்து, கும்பம் வைத்து, தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு சட்டங்களை அடுக்கியிருந்தார்கள். பெற்றோல்மக்ஸ் ஒன்று மரத்தில் தொங்கியது. அண்ணாவியார் மத்தளத்தை மடியில் வைத்திருந்தார். தாளக்காரர் பக்கத்தில். எதிரே ஊர் முழுவதும்: முன்னால் ஆண்கள், வேலிக்கு அப்பால் பெண்கள். சோதனை அறை என்று ஒன்று இல்லை. ஒருவன் நன்றாகப் படித்ததும் இடறியதும் எல்லாரும் பார்க்கவே நடந்தன.

என்னை எழுப்பி முதலில் ஒரு விருத்தம் படிக்கச் சொன்னார். அது குரலின் எடுப்பைப் பார்க்க. பிறகு தரு. அதன் பிறகுதான் சோதனையே தொடங்கும்: "இப்ப ஆடிக்கொண்டு படி மனே." மத்தளம் அடிக்க, வட்டமாகச் சுற்றி, வீசாண ஆட்டம் போட்டுக்கொண்டு அதே தருவைப் படிக்க வேண்டும். குரல் நல்ல பிள்ளைகள் பலர் இங்கேதான் விழுந்தார்கள். களரியில் கரப்புடுப்பைக் கட்டி, மரக் கிரீடத்தைத் தலையில் தாங்கி, மார்பிலும் புயத்திலும் அணிகளின் பாரத்தோடு விடியும்வரை ஆடப்போகிறவனுடைய மூச்சை அண்ணாவியார் அந்த ஒரு சுற்றிலேயே அளந்துவிடுவார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தருவை அறுக்காமல் முடித்தேன். அவர் தலை அசைந்தது. வேலிப்பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது அப்பாச்சி எழும்பினார். பெண்கள் சபையில் பேசுவது வழக்கமில்லை. அவர் வேலியடியில் நின்றபடியே சொன்னார்: "அண்ணாவியார், தகப்பன் மகன் கையால விழுகிறது ஏட்டில இருக்கட்டும். என்ர பிள்ளை என்ர பேரன் கையால விழுகிறத நான் பார்க்கமாட்டன்."

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். களரியில் நடப்பது களரிக்கு வெளியேயும் வரும் என்று நம்பிய ஊர் அது. அண்ணாவியார் நெடுநேரம் மத்தளத்தின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார். அப்பாவை மாற்றலாம், ஆனால் அந்த அருச்சுனனுக்காகவே அயலூர்களிலிருந்து வண்டில் கட்டி வருவார்கள். என்னை மாற்றினார். பப்பிரவாகனின் சட்டம் மேற்குத் தெரு இளந்தாரி ஒருவனுக்குப் போனது. அவன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணாவியார் என்னை அனுப்பிவிடவில்லை. "உனக்கு எழுத்து வடிவு. நீ கொப்பியைப் பார்" என்றார். மத்தளத்துக்குப் பக்கத்தில் இருந்து கொப்பியை விரித்து வைத்து, கூத்தன் மறந்த இடத்தில் முதற்சொல்லை எடுத்துக் கொடுப்பது என் வேலையானது. ஏட்டண்ணாவியார் வேலை. அன்று அது எனக்கு ஆறுதலாக இல்லை. இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தேன்.

இந்தத் தெரிவுமுறையை நான் முழுமனதோடு புகழவில்லை. அரசர் சட்டங்கள் பெரும்பாலும் வயலும் மாடும் உள்ள வீடுகளுக்கே போயின. உடுப்புக்குக் காசு கட்டக்கூடியவன் சுமாராகப் படித்தாலும் கிரீடம் வைத்தான். சில குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு மூச்சு இருந்தாலும் காவலன் வேடத்துக்கு மேலே கதவு திறக்கவில்லை. பெண்களுக்குச் சட்டமே இல்லை. பப்பிரவாகனின் தாய் சித்திராங்கதையாக ஆடியவன் மீசையை மழித்த ஒரு மீன்காரப் பையன். அவன் ஆட்டத்தின் அழகு வேறு விஷயம். வேலிக்கு அப்பால் நின்ற என் அக்காவுக்கு அந்தக் கூத்து முழுவதும் மனப்பாடம். அவளை யாரும் எழுப்பிப் படிக்கச் சொல்லவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு எரிகிறது.

மற்ற இடங்களில் ஆளைத் தெரிந்த விதம் வேறு. தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தொடங்கிய பாலர் சபையில் சிறுவர்களைக் குரல் பார்த்துச் சேர்த்தார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையனுடைய நிலை திண்டாட்டம்தான். எங்கள் முறையில் அந்தப் பயம் இல்லை. குரல் உடைந்து திரும்பிய பிறகுதான் அண்ணாவியார் ஆளையே பார்ப்பார். பேராதனையில் எதிரிவீர சரத்சந்திர 1956இல் மனமே நாடகத்துக்குப் பல்கலைக்கழக மாணவர்களைத் தெரிந்து, அம்பலாங்கொடைக் குருநான்சே (கூத்தாசான்) ஒருவரைக் கொண்டு பழக்கினார். அவர் பழக்கிய, சிங்களத்தில் நாடகம் என்ற கூத்துவகைக்கே எங்கள் கூத்தோடு உறவு உண்டு. அதே பேராதனையில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரை அழைத்துவந்து 1962இல் கர்ணன் போர், பிறகு நொண்டி நாடகம், இராவணேசன் என்று மேடையேற்றினார். இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராக இருந்த மௌனகுரு. விடிய விடிய ஆடியது சில மணி நேரத்துக்குள் சுருங்கி, வட்டக்களரி படச்சட்ட மேடைக்குள் வந்தது. நாட்டுக்கூத்து படித்தவர்களுக்கும் உரியது என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது. அந்த மேடைகளுக்கு மாணவர்களில் வல்லவரைத் தெரிந்தார்கள். எங்கள் வாசலிலோ வந்த எவனையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. பிற்பாட்டு, தாளம், களரிக்கு வெள்ளை கட்டுவது, விளக்குப் பார்ப்பது, உடுப்புத் தைப்பது என்று ஏதோ ஒரு நூலில் கட்டித்தான் அனுப்பினார்கள்.

கொப்பி பார்த்தபடியால் எனக்கு நடந்தது ஒன்று உண்டு. கூத்தன் ஒவ்வொருவனுக்கும் அவனவன் சட்டம் தெரியும். எனக்கு எல்லாருடையதும் தெரிந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் கொப்பி என்னிடமே வந்தது. அண்ணாவியார் கண் மூடுவதற்கு முன் அதை என்னிடமே கொடுத்துவிட்டார். அப்பாவுடைய அருச்சுனன் சட்டத்தையும் அதற்குள் மடித்து வைத்திருந்தேன். மண்ணெண்ணெய்க் கறையும் வெற்றிலைக் கறையுமாக, என் கையெழுத்தில்.

2006 ஏப்ரலில், போரில், எங்கள் அயலூரான சம்பூர்ப் பக்கம் குண்டு விழத் தொடங்கியது. அந்த ஆண்டே நாங்கள் வாகரை வழியாக மட்டக்களப்புக்கு நடந்தோம். பேரப்பிள்ளையைத் தூக்கினேன், கொப்பியைத் தூக்கவில்லை. அது வீட்டு வளையில் பெட்டிக்குள் இருந்தது. திரும்பி வந்தபோது வளையும் இல்லை, வீடும் இல்லை. எங்கள் அயலில் சம்பூர்க்காரர் பலருக்குத் தங்கள் நிலத்தில் கால் வைக்கவே 2015, 2016 ஆனது.

மட்டக்களப்பில் அகதி முகாமில் இருந்தபோதே அந்தக் கூத்தை நினைவிலிருந்து எழுதத் தொடங்கியிருந்தேன். பிள்ளைகளுக்குக் கொடுத்த அப்பியாசக் கொப்பி ஒன்றைக் கேட்டு வாங்கி, தறப்பாளுக்குள் மெழுகுதிரி வெளிச்சத்தில் வரவு வரவாக எழுதினேன். கட்டியகாரன் வந்தான். அருச்சுனன் கொலு வந்தது. அப்பாவின் பகுதியில் ஒரு சொல்கூட விடுபடவில்லை, அவர் குரலிலேயே காதில் விழுந்தது. குதிரை வந்தது. பப்பிரவாகன் சண்டைக்கு எழும்புகிற இடத்தில் மூன்று தரு வரவில்லை. முதற்சொல் தெரியும், எடுத்துக் கொடுத்த வாயல்லவா. அதற்கு மேலே வெறுமையாக இருந்தது. மூன்று பக்கத்தை வெள்ளையாக விட்டு அடுத்த வரவுக்குப் போனேன். அந்த வெள்ளைப் பக்கங்கள் ஆண்டுக்கணக்காக அப்படியே கிடந்தன.

இப்போது பள்ளிக்கூடங்களில் தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாட்டுக்கூத்து ஆடுகிறார்கள். போன ஆண்டு ஒரு பள்ளி ஆசிரியை பப்பிரவாகன் கேட்டு வந்தார். பழக்குவதற்குச் சம்மதித்தேன். நான் கேட்டது ஒன்றுதான்: ஆளைத் தெரிவது மண்டபத்துக்குள் வேண்டாம், பெற்றாரும் பார்க்க முற்றத்தில் செய்வோம். அருச்சுனன் சட்டம் ஒரு பெண்பிள்ளைக்குப் போனது. ஆடிக்கொண்டு படித்தபோது மூச்சு அறாத பிள்ளை அவள் ஒருத்திதான். அக்கா உயிரோடு இருந்து பார்த்திருக்க வேண்டும்.

பப்பிரவாகனுக்கு மூன்று தரு வேண்டுமே. அந்த மேற்குத் தெரு இளந்தாரி இப்போது கிழவர், திருகோணமலை நகரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். லோஞ்சில் போன கரைக்கு இப்போது பஸ்ஸில் போகலாம். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். நடுவில் பஸ் ஏறும்போது குடா முழுவதும் தெரியும். அப்பியாசக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

என்னை அடையாளம் கண்டார். மாத்திரைப் பெட்டியை நகர்த்திவிட்டுக் கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். ஏன் வந்தேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்தார். "உனக்கு வரவேண்டிய சட்டம் அது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கையை நீட்டி, "எடுத்துக் குடு" என்றார்.

முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தேன். அவர் தொடையில் தாளம் போட்டுப் படிக்கத் தொடங்கினார். நான் பேனையைத் திறந்தேன்.