துருப்பும் மறைப்பும்: இருபத்தெட்டு, முந்நூற்று நான்கு, ஐம்பத்தாறு ஆகிய சீட்டாட்டங்களின் உத்திகள் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

ஆடுபுலி, பல்லாங்குழி, தாயம் ஆகியவற்றுக்குக் கிடைத்த ஆய்வுக் கவனம் சீட்டாட்டங்களுக்குக் கிடைக்கவில்லை. சீட்டு என்றவுடன் சூது எனக் கருதும் வழக்கமே இதற்குத் தலையாய காரணம் எனலாம். ஆயின், விழுந்த சீட்டுகளை நினைவிற்கொள்வதும், எதை வைத்து எதை விடுவது எனத் தேர்வதும் தேவைப்படுவதால் ரம்மி பெரிதும் திறன் சார்ந்தது என 1967ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; முற்றிலும் வாய்ப்பைச் சார்ந்த மூன்று சீட்டிலிருந்து அதனை வேறுபடுத்தியது. சட்டம் கண்ட இவ்வேறுபாட்டைப் பண்பாட்டு வரலாறும் காண வேண்டியுள்ளது. ஈழத் தமிழரிடையே வழங்கும் முந்நூற்று நான்கு, தமிழகத்திலும் கேரளத்திலும் ஆடப்படும் இருபத்தெட்டு, கேரளத்தின் ஐம்பத்தாறு ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் உத்தி வேறுபாடுகளையும் அவை காட்டும் வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மதிப்பும் உத்தியும்

இருபத்தெட்டும் முந்நூற்று நான்கும் ஏழு முதல் ஆஸ் வரையிலான 32 சீட்டுகளைக் கொண்டு, நால்வர் இரு அணியாக ஆடுபவை. இரண்டிலும் ஜாக்கியே உயர்ந்த சீட்டு, அடுத்தது ஒன்பது. இருபத்தெட்டில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் தலா 1 என ஓர் இனத்துக்கு 7 புள்ளிகள். முந்நூற்று நான்கிலோ ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என ஓர் இனத்துக்கு 76 புள்ளிகள்.

இருபத்தெட்டில் 16 சீட்டுகளுக்கே மதிப்புண்டு. ஏனைய 16 வெறுஞ்சீட்டுகள். எனவே ஜாக்கிகள் எவரிடம் உள்ளன என்று கணிப்பதே ஆட்டத்தின் மையமாகிறது. முந்நூற்று நான்கில் 24 சீட்டுகள் மதிப்புடையவை. ராசாவும் ராணியும் சேர்ந்து தரும் 20 புள்ளிகள் நெருக்கமான ஆட்டத்தின் முடிவை மாற்றக்கூடியவை. ஆதலின் இறுதிச் சுற்று வரை கணக்குத் தொடர்கிறது.

மறைப்பு என்னும் உத்தி

முதல் நான்கு சீட்டுகளைக் கண்டவுடன் ஏலம் கேட்டு, வென்றவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பது இவ்விரு ஆட்டங்களுக்கும் பொது. மறைப்பு வெளிப்படும் முறையில்தான் இவை பிரிகின்றன. இருபத்தெட்டில், கேட்ட இனம் கையில் இல்லாதவர் துருப்பைக் காட்டுமாறு கேட்கலாம். கேட்டால் துருப்பு அனைவருக்கும் தெரிந்துவிடும். எனவே எப்போது கேட்பது என்பதே உத்தி. முந்நூற்று நான்கில் அவர் ஒரு சீட்டைக் கவிழ்த்தே இறக்குகிறார். துருப்புக்காரர் மட்டும் அதனைப் பார்க்கிறார். ஆகவே இங்கு எதிரணியும் தன் சீட்டை மறைக்க முடிகிறது.

அறுவர் இரு அணியாக ஆடும் ஐம்பத்தாறில் இரு கட்டுகளிலிருந்து எடுத்த 48 சீட்டுகளும் முதலிலேயே பங்கிடப்படுகின்றன. கவிழ்த்த துருப்பு இல்லை. ஏலச் சொற்களே கூட்டாளிகளுக்குக் கைச்சீட்டை உணர்த்தும் குறிமொழியாகின்றன. மறைப்பின் இடத்தை அறிவிப்பு பெறுகிறது.

வரலாற்றுச் சான்று

டச்சு நாட்டின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் துருப்பு இனத்தில் ஜாக்கியும் ஒன்பதுமே முதலிரு சீட்டுகள். ஆஸுக்கு 11, பத்துக்கு 10 என்ற மதிப்பும் முந்நூற்று நான்கினதே. தமிழில் வழங்கும் ‘கிளாவர்’ என்னும் இனப்பெயர் ஆங்கிலத்தின் ‘கிளப்’ என்பதனோடு பொருந்தாமல் டச்சுப் பெயரோடு பொருந்துகிறது. டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தை 1658இலும் கொச்சியை 1663இலும் கைப்பற்றி, இரண்டையும் 1795 வரை ஆண்டனர். முந்நூற்று நான்கும் ஐம்பத்தாறும் வழங்கும் நிலங்கள் இவையே என்பது கருதத்தக்கது.

எனினும் இது வெறும் கடன் அன்று. டச்சு ஆட்டத்தில் துருப்பு இனத்துக்கு மட்டும் உரிய ஜாக்கி–ஒன்பது உயர்வு இங்கு எல்லா இனங்களுக்கும் விரிக்கப்பட்டுள்ளது.

பொதுக் கட்டும் தனிக் கட்டும்

ரிச்சர்டு கார்ஃபீல்டு உருவாக்கி 1993இல் வெளியான ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் மாயப்போர்ச் சீட்டாட்டத்தோடு ஒப்பிடின் இக்குடும்பத்தின் தனித்தன்மை விளங்கும். அதனைப் பலர் கூடி ஆடும் ‘கமாண்டர்’ முறையில் ஒவ்வொருவரும் 100 சீட்டுகளைத் தாமே தேர்ந்து கட்டாக்கி வருவர். விரைந்து தாக்குவது, தடுத்துக் காலம் நீட்டுவது, சில சீட்டுகளின் இணைப்பால் ஒரே வீச்சில் வெல்வது எனக் கட்டிலேயே உத்தி அமைந்துவிடுகிறது. அரிய சீட்டை விலைக்கு வாங்குவோர்க்கு வாய்ப்பு கூடுகிறது. இருபத்தெட்டில் கட்டு அனைவர்க்கும் பொது. உத்தி முழுவதும் ஏலத்திலும் நினைவிலும் கூட்டாளியை உணர்வதிலும் பிறக்கிறது.

முடிவுரை

சென்னிமலைக்கு அருகிலுள்ள கொடுமணலில் கிடைத்த மணிகளும் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் மேலைக் கரையோடு கொங்கு நாடு கொண்ட வணிக உறவுக்குச் சான்றாகின்றன. சீட்டாட்டம் இத்தகைய பொருட்சான்றை விட்டுச்செல்வதில்லை. சொல்லும் விதியுமே அதன் எச்சங்கள். பாலக்காட்டுக் கணவாயால் கேரளத்தோடு இணைந்த கொங்குப் பகுதியில் இருபத்தெட்டின் ஏலச்சொற்களையும் விதி வேறுபாடுகளையும் ஊர்தோறும் தொகுத்தால், இவ்வாட்டம் பரவிய வழியை வரைய இயலும். அவற்றை அறிந்த முதியோர் உள்ளபோதே இப்பணி தொடங்கப்பட வேண்டும்.