கொடுத்த அனுமதியை மீட்டுக்கொண்ட மத்திய வங்கி



சேமிப்பைப் பற்றிப் பாடம் நடத்தியபொழுது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "நாம் போடும் பணத்தை வங்கி என்ன செய்யும், ஐயா?" என்று கேட்டாள். பிறருக்குக் கடனாகக் கொடுக்கும் என்றேன். சில வங்கிகள் அயல்நாட்டு வங்கிகளையே விலைக்கு வாங்கும் என்பதை நான் சொல்லவில்லை. அவ்வணிகத்தில் இழப்பு நேர்ந்தால் வங்கியின் மூலதனம் கரையும். அது மிகுதியாகக் கரைந்தால் சேமித்தவர்களுக்கே ஆபத்து. அதனைக் காப்பவர் யார்? 2008ஆம் ஆண்டு நிகழ்வொன்று இதற்கு விடையளிக்கிறது.

அதன் வேர் 1997ஆம் ஆண்டில் உள்ளது. ஆசிய நிதி நெருக்கடியில் ரூப்பியாவின் மதிப்பு சரிந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் இந்தோனேசிய அரசு 16 வங்கிகளை மூடியது. அஞ்சிய மக்கள் மற்ற வங்கிகளிலிருந்தும் பணத்தை மீட்க விரைந்தனர். பி.ஐ.ஐ. எனப்படும் பேங்க் இன்டர்நேஷனல் இந்தோனேசியாவும் நெருக்கடிக்குப் பின் அரசின் கைக்கு வந்தது. 2003இல் அதன் பெரும்பங்கைச் சிங்கப்பூரின் தெமாசெக் இடம்பெற்ற கூட்டமைப்பு ஒன்று வாங்கியது.

பட்டறிந்த இந்தோனேசியா 2006இல் புதிய விதியொன்றை வகுத்தது. ஒருவரே இரு வங்கிகளைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல் கூடாது என்பதே அது. டானாமோன் வங்கியும் தெமாசெக்கின் வசம் இருந்தமையால் பி.ஐ.ஐ. விற்பனைக்கு வந்தது. 2008 மார்ச்சில் ஏறத்தாழ 56 விழுக்காட்டுப் பங்கை வாங்க மலேசியாவின் மேபேங்க் உடன்பட்டது. விலை ஏறத்தாழ 150 கோடி அமெரிக்க டாலர். மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் அனுமதி வழங்கியது.

ஜூன் இறுதியில் நிலைமை மாறியது. ஒரு நிறுவனத்தை வாங்குபவர் 80 விழுக்காட்டுக்கு மேல் பங்கு பெற்றால், குறைந்தது 20 விழுக்காடு பொதுமக்களிடம் இருக்குமாறு ஈராண்டுக்குள் விற்றுவிட வேண்டும் என்று இந்தோனேசியப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு ஆணையிட்டது. உயர்ந்த விலைக்கு வாங்கிய பங்கைக் குறித்த கெடுவுக்குள் குறைந்த விலைக்கு விற்க நேரிடலாம். ஆகவே பேங்க் நெகாரா, தான் வழங்கிய அனுமதியை ஜூலையில் மீட்டுக்கொண்டது. செலுத்திய முன்பணம் பறிபோகுமோ என்ற கவலையும் எழுந்தது.

பின்னர்ப் பேச்சுவார்த்தை நடந்தது, விலை குறைக்கப்பட்டது, அனுமதி மீண்டும் கிடைத்தது. செப்டம்பர் 30ஆம் நாள் கொள்முதல் நிறைவேறியது. அதற்கு இரு வாரங்களுக்கு முன்னர்தான் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்திருந்தது.

கண்காணிப்பு இலாபத்திற்கு உறுதியளிப்பதில்லை. குறைத்த விலையும் மிகையே என்பதை மேபேங்க் தன் 2009ஆம் ஆண்டுக் கணக்கில் ஒப்புக்கொண்டு, அம்முதலீட்டின் மதிப்பைக் குறைத்து எழுதியது. எனினும் வங்கி நிலைத்தது. 2015இல் பி.ஐ.ஐ., மேபேங்க் இந்தோனேசியா எனப் பெயர் மாறியது.

அயல்நாட்டு வங்கியை வாங்க இரு அரசுகளின் இசைவு வேண்டும். விற்கும் நாடு, "இவ்வங்கியை யார் ஆளப்போகிறார்?" என்று வினவுகிறது. வாங்கும் நாடு, "இழப்பு வந்தால் உன்னால் தாங்க இயலுமா?" என்று வினவுகிறது. இவ்விரண்டாம் வினா அம்மாணவியின் சிறு சேமிப்புக்காகவும் கேட்கப்படுவதே. அடுத்த வகுப்பில் இதனை அவளுக்குச் சொல்ல எண்ணியுள்ளேன்.